கத்தரிக்காயின் நீள்வெட்டுத் தோற்றம்

சர்ச்சில் முதல் மணி அடிக்கும்போதே லில்லி புஷ்பம் டீச்சர் காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். எந்தக் கால் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை, அதனால் வீட்டுக்காரர் ஆசீர் வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்து, "எந்தக் காலு?" என்று கேட்டபோது இரண்டு கையாலும் இரண்டு காலையும் பிடித்தாள். "சரி, நீ படு. நான் மட்டும் சர்ச்சுக்குப் போயிட்டு வாரேன். கறி வாங்கி அடுப்படில வச்சிருக்கேன். முடிஞ்சா கழுவி வையி, இல்லன்னா வந்து நான் பாத்துக்கிடுதேன்." இப்படிப்பட்ட மனுஷனிடமா பொய் சொல்வது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மணி அடிக்கிற நேரத்தில், என்று மனசு ஒரு பக்கம் கேட்டது. இன்னொரு பக்கம் அது கேட்டைச் சாத்துகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தெருவில் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், பவுடர் வாசனையும் மல்லிகைப்பூவுமாக எல்லாரும் போனார்கள். பாளையங்கோட்டையில் இந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகிவிடும், நாய்கூட சர்ச் வாசல்வரை போய்விட்டுத்தான் வரும். ரெண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தபோது டீச்சர் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. பரீட்சை அறையில் பிட் அடிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் அடிக்குமோ, இத்தனை வருஷம் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள், ஒருத்தியிடமும் கேட்டதில்லையே. வேறு வழியும் இல்லை. பின்கட்டு ஜன்னலில் வெயில் வந்து சாப்பாட்டு மேஜைமேல் விழுவது காலையில் மட்டும்தான், மத்தியானம் ஆனால் அந்த இடம் மங்கிப்போகும். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், மிச்சம் இருப்பது கர்த்தருடைய நாள் ஒன்று. இதுவரை சாயங்காலங்களில் திருட்டுத்தனமாக உட்கார்ந்து வரைந்து பார்த்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று, வர்ணப்பெட்டியோடு வந்த நல்ல தாளில் மீதி ஒன்றே ஒன்று. நேற்று ராத்திரி அவளே தனக்கு ஒரு கெடு வைத்துவிட்டாள். இன்றைக்கு ஒரு படம், வர்ணம் வைத்து, பார்க்கிறாற்போல ஒரே ஒரு படம் வரவேண்டும். வரவில்லையென்றால் பெட்டியைத் தூக்கித் தம்பி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அதற்குப்பிறகு அந்த ஆசையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, மனசுக்குள்கூட.

பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் கையை விட்டாள். வர்ணப்பெட்டி இருந்தது. அதை வாங்கின அன்று கடைக்காரர், "யாருக்கு டீச்சர், பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டதும் அவளும் கூசாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பெங்களூரில் இருக்கிற மகள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள், இதில் பேரப்பிள்ளைக்கு எங்கே போவது. அந்த இல்லாத பிள்ளை தன்னைப் போலவே இருக்குமா, படம் வரையுமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்து ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். இப்போது மேஜையைத் துடைத்தாள், தாளை விரித்தாள், டம்ளரில் தண்ணீர் வைத்தாள், எவர்சில்வர் தட்டில் கத்தரிக்காயை வைத்தாள். நல்ல கத்தரிக்காய், கறுப்பும் ஊதாவுமாக, காம்பு பச்சையாக, வெயில் பட்டு மினுமினுத்துக்கொண்டிருந்தது. சர்ச் லவுட் ஸ்பீக்கரில் ஆரம்பப் பாட்டு கிளம்பியது. பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டே கத்தியை எடுத்தாள், கத்தரிக்காயைக் காம்போடு சேர்த்து நெடுக இரண்டாகப் பிளந்தாள், ஒரு பாதியை மல்லாக்க வைத்தாள். பென்சிலைச் சீவினாள், நுனி ஊசி மாதிரி இருக்க வேண்டும், மொட்டைப் பென்சிலோடு வருகிற பிள்ளைகளை அவள் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தின காலம் உண்டு. கோடு ஒரே இழுப்பில் வரவேண்டும், ரோமம் ரோமமாகத் தடவிக் கோடு போடக் கூடாது. ஷேடிங் கூடாது. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கை தானாகப் போயிற்று. இதுதான் அவளுக்கு வரும் வேலை ஆயிற்றே, கரும்பலகையில் சாக்பீஸை வைத்தால் எடுக்காமல் ஒரு சுற்று, தவளையின் வயிறு வந்துவிடும், இன்னொரு சுற்று, செம்பருத்தியின் சூலகம் வந்துவிடும். பின்பெஞ்சில் இருந்து ஆ என்று ஒரு சத்தம் வரும், அது அவளுக்குப் பிடிக்கும், பிடிக்காத மாதிரி திரும்பிப் பார்த்து முறைப்பாள். அவள் பெயரில் இரண்டு பூ இருக்கிறது என்று கண்டுபிடித்து, லில்லி என்றால் ஒருவித்திலைத் தாவரம்தானே டீச்சர் என்று பாடத்திலேயே சந்தேகம் கேட்டு, ஒருவித்திலை என்றே பட்டப்பெயர் வைத்த கூட்டம் அது. வைக்கட்டும், பாடம் மண்டையில் ஏறியிருக்கிறதே. ஒருதடவை ஒருத்தி விடைத்தாளில் செம்பருத்திக்குச் சிவப்பு அடித்துக் கொண்டுவந்தாள். செம்பருத்தி சிவப்பு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், திருத்துகிறவங்களுக்கும் தெரியும், பிறகு எதுக்கு என்று டீச்சர் கேட்டாள். வகுப்பே சிரித்தது, அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. இதயத்துக்கு மட்டும்தான் வர்ணம், சுத்த ரத்தம் சிவப்பு, அசுத்த ரத்தம் நீலம், அதுவும் விதிப்படி. பாட்டு முடிந்து எல்லாரும் முழங்காலில் நிற்கிற சத்தம், பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. காய் முடிந்துவிட்டது. உள்ளே விதைகள், சதை, காம்பைக் கவ்விக்கொண்டிருக்கிற புல்லிவட்டம், எல்லாம் அச்சு அசல். டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்தியாக இருந்தது. ஸ்கேலை எடுத்து வலது பக்கம் நேர்நேராகக் கோடு இழுத்து, கோட்டு முனைகளில் முத்து முத்தான எழுத்தில் கனித்தோல், விதை, சூலொட்டுத்திசு, நிலைத்த புல்லிவட்டம் என்று எழுதி, அடியில் நடுவாக, கத்தரிக்காய், நீள்வெட்டுத் தோற்றம் என்று எழுதி, அதற்கும் ஒரு கோடு போட்டாள்.

போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. அடப் பாவி மகளே. கையில் ஸ்கேலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருந்த ஒரே நல்ல தாளில் பாகம் குறித்து வைத்திருக்கிறாள். யாராவது சொன்னார்களா குறி என்று, யாராவது கேள்வித்தாள் கொடுத்தார்களா, ஐந்து மதிப்பெண் வினாவா இது? முதலில் காயை எதற்கு வெட்டினாள்? முழுக் காயாக அது தட்டில் எவ்வளவு லட்சணமாக உட்கார்ந்திருந்தது, பார்த்ததும் கத்தியைத் தேடுகிற புத்தி எங்கிருந்து வந்தது? அவளுக்கு ஒரு பொருளைப் பார்ப்பது என்றாலே வெட்டிப் பார்ப்பதுதான் போல. ரப்பரை எடுத்தாள். விதை என்ற சொல்லைத் தேய்த்தாள். எழுத்து போகவில்லை, தாள்தான் பஞ்சாகத் திரண்டு வந்தது, இந்தத் தாள் ரப்பர் தாங்காது என்று அட்டையிலேயே போட்டிருந்தது, பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை வினாவை நன்றாகப் படி என்று சொன்னவள் அட்டையைப் படிக்கவில்லை. ஸ்பீக்கரில் சபை மொத்தமும் பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தது, அத்தனை குரலும் ஒரே குரலாக, அதில் அவளுடைய குரல் மட்டும் இல்லை. சேர்ந்து சொல்லலாமா என்று வாயெடுத்தாள், ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது, நிறுத்திக்கொண்டாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. கத்தரிக்காய்க்காகவா அழுவது, ஐம்பது வயசு தாண்டின பொம்பளை, பாடப்புத்தகமே மனப்பாடமாகத் தெரிந்தவள், தெரியாத வேலையில் எதற்குத் தலையைக் கொடுத்தாய்? தெரிந்ததைச் செய்துகொண்டு போனால் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. தெரியாததைச் செய்தால் நீயும் முதல் பெஞ்சில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அதைத்தானே இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்தாய். இந்த ஆசை வந்ததே ஒரு தற்செயலில்தான். போன மழைக்காலத்தில் யாரோ ஈர டஸ்டரால் பலகையைத் துடைத்து வைத்திருந்தார்கள், அது தெரியாமல் அவள் இதயம் வரையப் போய், நீலச் சாக்பீஸ் ஈரத்தில் பட்டதும் கோடு கோடாக நிற்காமல் கசிந்தது. பெருஞ்சிரை மெதுவாக அகன்று, அடியில் கறுத்து, ஓரத்தில் வெளுத்து, வெள்ளை மேகம் சூழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு அழகான தப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை. வகுப்பு காத்துக்கொண்டிருக்க அவள் பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள், ஒருத்தி எழுந்து, டீச்சர் மயக்கம் வருதா என்று கேட்கிற வரைக்கும் நின்றாள். மயக்கம் இல்லை, வேறு என்னவோ, அதற்குத் தாவரவியலில் பெயர் இல்லை. அன்றைக்கு வந்தது இன்னும் போகவில்லையே, பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் போய்விடுமா?

தட்டைப் பார்த்தாள். வெட்டின முகம் கறுக்க ஆரம்பித்திருந்தது. ஏன் கறுக்கிறது என்று அவளுக்குத் தெரியும், காற்றுப் பட்டால் கறுக்கும், நொதி, ஆக்சிஜன், ஒரு பக்கம் எழுதலாம். தெரிந்து என்ன, அது அவள் கண்ணெதிரில் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் போய்க்கொண்டிருந்தது, அதை அவள் இதற்குமுன் நின்று பார்த்ததே இல்லை, அவசரத்தில் தண்ணீரில் போட்டுவிடுவாள். பார்க்கப் பொறுக்காமல் பாதியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. கத்தரிக்காய்த் தோலின் மேடான இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவு, கம்பியோடு சேர்த்து ஒரு ஜன்னல், அவள் வீட்டுப் பின்கட்டு ஜன்னல்தான். கம்பிகள் வளைந்து இருந்தன, ஒரு மூலையில் வேப்பமரத்தின் பச்சைகூடத் தெரிந்தது. குனிந்தாள், ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது, அது அவள் தலை. அய்யோ, என்றாள். எத்தனை ஆயிரம் கத்தரிக்காய் நறுக்கியிருப்பாள், எல்லாவற்றிலும் இவள் வீட்டு ஜன்னல் இருந்திருக்கிறது! தாளை மறுபடி முன்னால் இழுத்து வைத்தாள், பாகம் குறித்ததெல்லாம் இருக்கட்டும், அதன்மேலேயே போடு, கெட்டது கெட்டுவிட்டது, இனி கெட என்ன இருக்கிறது. பெட்டியில் கத்தரிக்காய் நிறம் இல்லை. நீலத்தோடு சிவப்பைச் சேர்த்தாள், சகதியாக வந்தது. இன்னும் கொஞ்சம் நீலம், மை மாதிரி வந்தது. இன்னும் சிவப்பு, ஆத்தாடி, ஊதா! அவளுக்கு முன்னால் ஊதா! சுத்த ரத்தமும் அசுத்த ரத்தமும் சேர்ந்தால் கத்தரிக்காய் என்று நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிப் பெரிதாக ஒரு வளைவு போட்டாள், நிலைத்த புல்லிவட்டம் என்ற எழுத்தின் மேலேயே போட்டாள், எழுத்து தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து தெரிந்தது, போனால் போகிறது. ஆனால் தண்ணீர் அதிகம், சாயம் ஓட ஆரம்பித்தது, தடுக்கிறதற்காகத் தாளைச் சாய்த்தாள், அது இன்னொரு பக்கம் ஓடியது, சேலை முந்தானையால் ஒற்றப் போய் நடுவில் ஒரு இடத்தைத் தவறிப்போய்த் துடைத்து விட்டாள். போச்சு என்று கையை எடுத்தாள். துடைத்த இடம் வெளுத்துத் தாள் தெரிந்தது. சுற்றிலும் ஊதா கறுத்து நின்றது. கத்தரிக்காய் மினுமினுத்தது. டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அந்த மினுமினுப்பை எப்படிப் போடுவது, வெள்ளை வர்ணத்தை எப்போது வைப்பது என்றுதான் ராத்திரி முழுக்க யோசித்தாள், கடைசியில் பார்த்தால் அதைப் போடவே வேண்டாம். அந்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். தாளின் வெள்ளைதான் வெயில். "ஏ!" என்று காலியான வீட்டைப் பார்த்துக் கத்தினாள். நாற்காலியிலிருந்து எழுந்து, அடுப்படிக்கும் ஹாலுக்கும் ஒரு நடை போய், திரும்பி வந்து மறுபடி பார்த்தாள், அது இன்னும் மினுமினுத்துக்கொண்டுதான் இருந்தது. சந்தோஷம் என்றால் சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம், யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போல இருந்தது, சொல்வதற்குத் தெருவில் ஒரு ஜனம் இல்லை.

ஸ்பீக்கரில் அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன, பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளிப் போட்டிகள், இன்னாருக்கு இன்னாரைக் கல்யாணம் பேசியிருக்கிறது, ஆட்சேபணை உண்டானால் சொல்லவும். பிறகு பாடகர் குழு எழுந்தது. அதில் ஆசீரின் குரல் அடியில் தனியாகக் கேட்கும், அவர் அடிக்குரல் பாடுகிறவர், எப்போதும் அரை மாத்திரை பிந்தித்தான் பாடுவார், பாட்டு நிற்கும்போது அவர் மட்டும் ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சின்ன வயசிலிருந்து பாடுகிறார், பாட்டுத் தலைவர் எத்தனையோ பேர் மாறினார்கள், ஒருத்தராலும் அந்த வாலை நறுக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்குப் போகும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், நன்றாகப் பாடுகிறோமா என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை, அவருக்கு அது தோன்றியதே இல்லை. இந்த மனுஷன் இவ்வளவு வருஷமாகச் சுதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார், அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அதற்குமேல் பிரியமாக இருந்தது. பிரசங்கம் ஆரம்பித்தது. அவள் காம்புக்குப் பச்சை கலந்தாள், தட்டுக்கு என்ன நிறம் என்று பார்த்தாள், எவர்சில்வருக்குச் சொந்தமாக நிறமே கிடையாது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்கிறது, சரி, போடு நீலம், போடு கொஞ்சம் ஊதா. நிழல் விழுந்த இடத்தில் தைரியமாகத் தடவினாள், ஷேடிங், ஷேடிங்கேதான், அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளட்டும். தட்டு வட்டமாக வரவில்லை, ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. பச்சை ஊதாவில் இறங்கி ஓரத்தில் அழுக்கானது. பார்க்கிறாற்போல இருக்கிறதா? இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். திருத்துகிற கண்ணால் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு, அதற்குமேல் ஒரு பின்னமும் போடமாட்டாள். ஆனால் அந்த இரண்டை வாங்கின பிள்ளைக்கு இவ்வளவு குதூகலம் எங்கிருந்து வருகிறது? கடைசி ஆசீர்வாதம் சொல்லுகிற குரல் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும், பெட்டி சேலைக்கு அடியில், தாள் மெத்தைக்கு அடியில், தான் போர்வைக்கு அடியில், அதுதான் ஏற்பாடு. எழுந்தாள். தாள் ஈரமாக இருந்தது. ஈரத்தை மெத்தைக்கு அடியில் வைத்தால் மினுமினுப்புப் போய்விடுமே. அந்த ஒரு இடத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்டது, அவள் பெட்டியைக்கூட மூடவில்லை.

ஆசீர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார், இன்னொன்று காலிலேயே இருந்தது, கக்கத்தில் வேதாகமமும் பாட்டுப் புஸ்தகமும். மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் நெற்றியில் ஊதாவாக ஒரு தீற்றல் இருந்ததைப் பார்த்தார், அடுப்படியில் கழுவாமல் கிடந்த கறியையும் எட்டிப் பார்த்தார். பிறகு தாளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கத்தரிக்கா," என்றார்.

"தெரியுதா?"

"தெரியாம என்ன, ஒண்ணு வெட்டினது, ஒண்ணு கவுத்துனது." இன்னும் குனிந்தார். "வெயில் அடிக்குத மாதிரியே இருக்கே. இது என்ன, பிள்ளைகளுக்குப் பாடத்துக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கடைக்காரரிடம் சொன்ன மாதிரி, நாக்கு நுனிவரை வந்த ஆமாம். காலைப் பிடித்துக்கொள்ளலாம், கறியைக் கழுவப் போகலாம், நாளையிலிருந்து எல்லாம் பழையபடி நடக்கும்.

"இல்லங்க," என்றாள். "எனக்கு. எனக்காக வரைஞ்சேன். காலு ஒண்ணும் வலிக்கல. இதுக்காகத்தான் சர்ச்சுக்கு வரல. இனிமேயும் வரைவேன்."

ஆசீர் நிமிர்ந்தார். கோபம் வருமா என்று பார்த்தாள், வரவில்லை, யோசிக்கிற முகமாக இருந்தது. "அதான பாத்தேன்," என்றார், "ரெண்டு காலும் ஒண்ணா வலிக்குமான்னு வேதத்துல சங்கீதம் வாசிக்கையில எல்லாம் அதே யோசனை. சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதானே, நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன். சரி, கறிய எடு, நான் கழுவுதேன், பசிக்கி."

வெயில் இப்போது மேஜையை விட்டு இறங்கி அவர்மேல் ஏறியிருந்தது. வேட்டியின் மடிப்பில் நீலம் இருந்தது, கக்கத்துப் புஸ்தகங்களின் கறுப்பு அட்டையில் ஒரு வெள்ளைக் கோடு, கன்னத்தில் பாதி வெளிச்சம், பாதி இல்லை. டீச்சர் அவரையே பார்த்தாள். இந்த மனுஷனுக்கு வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது! கல்யாணம் ஆகி இத்தனை காலம், மகள் வேலைக்குப் போய்விட்டாள், ஒருநாளும் அவள் இதைப் பார்த்ததில்லை. காதைத் தாண்டிக் கழுத்துக்கு ஒரு கோடு போகிறது, அது எவ்வளவு நல்ல கோடு!

"அசையாதீங்க," என்றாள். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த சார்ட் தாளை இழுத்து வெற்றுப் பக்கத்தை விரித்தாள், பென்சிலைத் தேடி எடுத்தாள், மொட்டையாக இருந்தது, சீவ நேரமில்லை.

"என்னளா? கறி?"

"அது கெடக்கட்டும். செருப்பக் கழத்தாதீங்க. புஸ்தகம் அங்கேயே இருக்கட்டும். தலைய மட்டும் கொஞ்சம் ஜன்னல் பக்கம்... ஆங், அவ்வளவுதான்."

ஆசீர் ஒரு காலில் செருப்போடு, நெஞ்சை முன்னே தள்ளி, பாடகர் குழுவில் நிற்கிற மாதிரி விறைத்து நின்றார். அவள் காதிலிருந்து ஆரம்பித்தாள். கோடு நடுங்கியது, ஒரே இழுப்பில் வரவில்லை, ரோமம் ரோமமாகத்தான் வந்தது, வரட்டும் என்று போய்க்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உதட்டை அசைக்காமல் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"லில்லி, மூச்சு விட்டுக்கிடலாமா?"

"விட்டுக்கிடுங்க," என்றாள் அவள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "மெதுவா விடுங்க."